உடம்பு வணங்குதல்: கரிசல் எழுத்தில் உழைப்பும் தலைமுறையும்

கரிசல் எழுத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் 'மண்ணின் மணம்' என்ற தொடரை முதலில் எடுத்துவைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அத்தொடர் பொய்யன்று. ஆயினும் அம்மணத்தை நுகர்ந்து மகிழ்ந்தவர்கள், அந்த மண்ணில் வேலை செய்தவர் யார், அவ்வேலையின் பயன் யாரைச் சேர்ந்தது, தம் மக்களும் அதே வேலையைச் செய்யவேண்டும் என்று அவர்கள் விரும்பினார்களா என்னும் வினாக்களை எழுப்பியது குறைவு. எழுப்பிப் பார்த்தால், நம் குடும்பங்களில் நாள்தோறும் நடைபெறும் ஒரு வழக்குக்கு இந்நூல்கள் நல்ல சாட்சி சொல்லும் என்று நாம் கருதுகிறோம். அவ்வழக்கு மூத்த தலைமுறை இளைய தலைமுறைமீது தொடுத்திருப்பது. 'பிள்ளைகளுக்கு உழைப்பில் நாட்டமில்லை' என்பது குற்றச்சாட்டு.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேர்ந்த வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழை தவறினால் கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை, மிளகாயும் இல்லை. அம்மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்தில், ஒன்றிய அரசு 2023-இல் நாடெங்கும் அறிவித்த ஏழு பெரும் ஜவுளிப் பூங்காக்களுள் ஒன்று, 1052 ஏக்கர் பரப்பில் அமையவிருக்கிறது. அப்பக்கம் சென்றிருந்த நாம், சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். எழுபதைக் கடந்த சம்சாரி ஒருவர், பட்டயப் படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருந்த இளைஞர் ஒருவரைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்க மாட்டேங்குதப்பா" என்றார். இளைஞர், "உங்களுக்கு வணங்குச்சே தாத்தா, என்ன மிச்சம்?" என்றார். பெரியவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் வணங்குனதாலதான் உங்கப்பன் பேனாப் பிடிச்சான். அதுதான் மிச்சம்" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று சந்திக்காமல் அந்த வாங்குப் பலகையில் கிடந்தன. அவற்றைச் சந்திக்கவைக்கும் ஆற்றல் இலக்கியத்துக்கு உண்டா, நம் கரிசல் இலக்கியம் அதனைச் செய்திருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு சொல்லின் இரு பொருள்

முதலில் அப்பெரியவர் ஆண்ட சொல்லையே எடுத்துக்கொள்வோம். தென்மாவட்டங்களில் உழைப்பாளியைப் புகழ்பவர் 'உடம்பு வணங்கி வேலை செய்வான்' என்பர். உழைக்காதவனை 'உடம்பு வணங்காதவன்' என்பர். வணங்குதல் என்பதற்கு வளைதல் என்றும் பொருளுண்டு, பணிதல் என்றும் பொருளுண்டு. குனிந்து களைவெட்டும் உடம்பும் வணங்குகிறது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலாளி முன் நிற்கும் உடம்பும் வணங்குகிறது. முன்னது வேலைக்கு வளைவது. பின்னது ஆளுக்குப் பணிவது. வணக்கம் இறைவன் ஒருவனுக்கே உரியது என்று சிறு வயதிலேயே பயின்ற நமக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்பட வேண்டும்.

பழைய கிராம வாழ்க்கையில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக் கிடந்தன. வேலைக்கு வளைந்தவன் ஆளுக்கும் பணிந்தாக வேண்டும். ஆகவே மூத்தோர் இரண்டையும் ஒரே நற்குணமாகக் கொண்டனர். இளையோர் இரண்டையும் ஒரே இழிவாகக் கண்டு ஒருங்கே உதறினர். வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நல்ல நாவல் இம்முடிச்சை அவிழ்த்துக் காட்டும். இவ்வளவுகோலைக் கொண்டு சில நூல்களைக் காண்போம்.

மூன்று கரிசல் நாவல்கள்

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வெளிவந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள், காடாய்க் கிடந்த கரிசலைத் திருத்தி ஊராக்கிய கதை அது. காட்டை எரித்து நிலம் காண்பதும், மாடு பழக்குவதும், முதல் விதைப்பும் அந்நூலில் விழாக்களைப் போல வருகின்றன. கோட்டையார் வீட்டுச் சகோதரர்கள் ஆளுக்கொரு பொறுப்பை ஏற்று நடத்துகிறார்கள். நூற்றுமுப்பத்தேழு வயதுக் கிழவி மங்கத்தாயாரு அம்மாள் பழங்கதையைச் சொல்ல, இளையோர் சுற்றியிருந்து கேட்கிறார்கள்.

இந்நாவலில் 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்ற புலம்பல் ஓங்கி ஒலிப்பதில்லை. காரணம் எளிது. திருத்திய நிலம் திருத்தியவர்க்கே உரியது. தந்தை வெட்டிய வரப்பு மகனுக்குச் சொத்து. ஆகவே வேலை கற்பதும் உரிமை பெறுவதும் ஒரே செயலாகின்றன. உழைப்பின் மேன்மையைப் பாடுவோர் பலரும் தம்மை அறியாமலே இத்தகைய குடும்பத்தைத்தான் மனத்தில் வைத்துப் பாடுகின்றனர். கரிசல் முழுவதும் கோட்டையார் வீடாக இருந்ததில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மறக்கவிடாத நூல் பூமணியின் 'பிறகு'. 1979-இல் வெளிவந்த இந்நாவலின் நடுநாயகர் அழகிரி என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி. அருந்ததியர் வாழ்வை அதன் உள்ளிருந்து, இரக்கம் கோராமலும் கொடி பிடிக்காமலும் காட்டிய தமிழ் நாவல்களுள் முதன்மையானது இதுவே என்பது நம் துணிபு. அழகிரிக்கு உடம்பு வணங்காமலில்லை. கைத்திறன் இல்லாமலில்லை. ஊரின் கால்கள் அவர் தைத்த செருப்பால் நடக்கின்றன. ஆயினும் அத்திறன் அவருக்கு ஊரில் ஓர் இருக்கையையும் பெற்றுத் தருவதில்லை. அவர் வேலையே அவரைத் தள்ளிவைப்பதற்குக் காரணமாகிறது.

நூலின் பெயரைக் கவனிக்க வேண்டும். 'பிறகு' என்பது நாடு விடுதலை பெற்றதன் பிறகு என்ற பொருளில் கேட்கப்படும் வினாவாகவே நம் காதில் விழுகிறது. அதனோடு, அழகிரிக்குப் பிறகு யார் என்ற வினாவும் சேர்ந்து ஒலிக்கிறது. தந்தை தைத்த அதே செருப்பை மகனும் பேரனும் தைத்துக்கொண்டிருப்பதுதான் உழைப்பின் ஒழுக்கமா? அவ்வாறு தைக்க மறுத்து வெளியேறும் பேரனைச் சோம்பேறி என்று எந்த நெஞ்சு சொல்லும்? இந்நாவலைப் படித்த பிறகு, இளையோர் தந்தையின் தொழிலை வெறுக்கிறார்கள் என்ற பொதுப்பேச்சை நாம் எச்சரிக்கையோடுதான் கேட்க முடியும். எந்தத் தந்தை, எந்தத் தொழில் என்று முதலில் கேட்டாக வேண்டும்.

மூன்றாவது, 2019-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற சோ. தர்மனின் 'சூல்'. உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றிச் சுழலும் கதை. கண்மாயில் மண்ணெடுப்பதும் கரையைக் காப்பதும் மடையைத் திறந்து அடைப்பதும் ஊரின் பொதுக் கடமையாக இருந்த நாளையும், அக்கடமை ஊரின் கையைவிட்டு அகன்ற நாளையும் இந்நூல் அடுத்தடுத்து வைக்கிறது. இதன் வழி நமக்குக் கிடைக்கும் அறிவு பெரிது. பொது உழைப்பு ஒழிந்தது மக்கள் சோம்பியதால் அன்று. நீர் எங்களுடையது, நாங்களே காப்போம் என்ற பொறுப்பு அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. பொறுப்பு போனபின் மண்வெட்டியும் மூலைக்குப் போயிற்று. ஆயினும் ஒரு குறையைச் சொல்லவேண்டும். பழைய ஊரின் ஒழுங்கைச் சொல்லும்போது தர்மனின் எழுத்தில் ஏக்கம் மிகுந்து, அவ்வொழுங்குக்குள் இருந்த மேல்கீழ் சற்று மங்கிப்போகிறது. பூமணியின் கண்ணாடியையும் உடன் அணிந்துகொண்டு படித்தால் இக்குறை நீங்கும்.

தந்தையரின் தீர்ப்பு

இந்நாவல்கள் நிகழும் காலத்தின் நடுவே ஒரு வரலாற்று நிகழ்ச்சி இருக்கிறது. 1953-இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த இராஜாஜி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, எஞ்சிய அரைநாள் பெற்றோரிடம் குடும்பத் தொழில் பயிற்சி என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். தொழிலின் மதிப்பைக் காப்பது அதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. நாடு அதனைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954-இல் பொறுப்பேற்ற காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 1956 முதல் பள்ளிகளில் மதிய உணவு வழங்கப்பெற்றது. காமராசர் இதே கரிசலின் விருதுநகரில் 1903-இல் பிறந்தவர், தந்தையை இளமையில் இழந்து, பள்ளியை விட்டு மாமனின் துணிக்கடையில் நின்றவர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

அந்த எதிர்ப்பை அரசியல் நிகழ்ச்சியாக மட்டும் காண்பது போதாது. 'என் பிள்ளை என் வேலையைச் செய்யவேண்டா' என்று இலட்சக்கணக்கான தந்தையர் எழுதிய தீர்ப்பு அது. அத்தீர்ப்பின்படிதான் ஆட்டை விற்றும் தாலிச் சங்கிலியை அடகு வைத்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 'படிக்காவிட்டால் என்னைப்போல் மாடு மேய்ப்பாய்' என்று மிரட்டினார்கள். தறிக்குழியில் கால் வைத்த நெசவாளர், தம் மகன் அக்குழியில் இறங்கக்கூடாது என்று விரும்பினார். கையுழைப்பு இழிவு என்ற பாடத்தை இளையோர் எந்தத் திரைப்படத்திலும் கற்கவில்லை. தந்தையின் வாயிலிருந்தே, அன்பின் பெயராலேயே கற்றார்கள். முப்பது ஆண்டுகள் அப்பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பாடத்தை நன்றாகக் கற்ற பிள்ளையைப் பார்த்து 'உடம்பு வணங்கவில்லை' என்று வருந்துவதில் நியாயம் குறைவு.

எல்லாத் தந்தையர்க்கும் பள்ளிக்கு அனுப்பும் வசதியும் வாய்க்கவில்லை. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத் தீப்பெட்டித் தொழிலில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் விடியுமுன் வேலைக்குப் போனார்கள். இராஜம் கிருஷ்ணன் அவர்கள் துயரத்தைக் 'கூட்டுக்குஞ்சுகள்' நாவலில் எழுதினார். 1996-இல் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில், சட்டத்துக்கு மாறாகக் குழந்தையை வேலைக்கு வைத்தவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 'நாங்கள் எட்டு வயதிலேயே வேலைக்குப் போனோம்' என்று பெருமையுடன் சொல்வோரை நாம் மதிக்கிறோம். ஆயினும் அது பெருமைப்பட வேண்டிய செய்தியா, பிறர் வெட்கப்பட வேண்டிய செய்தியா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாய்வு நாற்காலியின் சாட்சியம்

அங்ஙனமாயின் உழைக்காத தலைமுறை என்று ஒன்று இல்லவே இல்லையா? உண்டு. அதனைக் காண நாம் கரிசலை விட்டு நம் சமுதாயத்து எழுத்தாளர் ஒருவரின் கடற்கரைக்குச் செல்ல வேண்டும். தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்ற நாவல். அதன் நாயகர் முஸ்தபாக்கண்ணு, முன்னோர் பெருமையில் சாய்ந்து கிடப்பவர். வருவாய் இல்லை, தொழில் இல்லை, தேடும் எண்ணமும் இல்லை. பழம்பெரும் மாளிகையின் பொருள்கள் ஒவ்வொன்றாய் விலைக்குப் போகின்றன. நல்ல சோறும் பழைய அதிகாரமும் மட்டும் குறையக்கூடாது. குடும்பப் பெருமையின் சுமை முழுவதும் வீட்டுப் பெண்களின் முதுகில் இறங்குகிறது.

இந்நாவலைப் படிக்கும்போது இப்னு கல்தூன் நம் நினைவுக்கு வராமலிருக்க முடியாது. 1377-இல் எழுதிய தம் 'முகத்திமா'வில் அப்பேரறிஞர், ஒரு குடும்பத்தின் பெருமை பொதுவாக நான்கு தலைமுறையில் முடிகிறது என்றார். முதல்வன் தன் முயற்சியால் கட்டுகிறான். இரண்டாமவன் தந்தையின் உழைப்பைக் கண்ணால் கண்டவன் ஆதலால் காக்கிறான். மூன்றாமவன் கேட்டதைப் பின்பற்றுகிறான். நான்காமவனோ அப்பெருமை பிறப்பாலேயே வந்தது என்று நம்பி, உழைப்பால் வந்தது என்பதை மறந்து, இழக்கிறான். முஸ்தபாக்கண்ணு அந்த நான்காமவன். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வரைந்த இலக்கணத்துக்கு நம் தென்கோடியில் எழுதப்பட்ட இலக்கியம் அந்நாவல். மீரான் அந்நாற்காலியை வெளியிலிருந்து பார்க்கத் தெரிந்தவர். நெல்லையில் மிளகாய் வற்றல் வணிகம் செய்து பிழைத்துக்கொண்டே எழுதியவர் அவர். சாக்கும் தராசும் அறிந்த கைக்கே அந்த எள்ளல் வாய்க்கும்.

இங்கே ஓர் உண்மை வெளிப்படுகிறது. உழைப்பை வெறுக்கும் சோம்பல், நூல்களில், உண்டு மிகுந்த வீட்டில் பிறக்கிறது. அழகிரியின் வீட்டில் அது பிறப்பதற்கு இடமே இல்லை. இப்னு கல்தூனின் கணக்கு, காக்க ஏதேனும் உள்ள குடும்பத்துக்குரியது. இழப்பதற்கு ஒன்றுமில்லாத வீட்டில் முதல் தலைமுறைதான் மீண்டும் மீண்டும் பிறந்துகொண்டிருக்கிறது. நாமோ அழகிரியின் பேரனைக் கண்டிக்க முஸ்தபாக்கண்ணுவுக்குரிய சொற்களை எடுத்தாளுகிறோம்.

நம் இல்லங்களில்

இவ்வழக்கு நம் இல்லங்களில் வேறொரு கோலம் கொள்கிறது. இவ்வறண்ட சீமையில் நம்மவருள் சந்தைக்குச் சந்தை சரக்குச் சுமந்தவர்கள், தையற்பொறி மிதித்தவர்கள், கறிக்கடையும் சிறு மளிகையும் நடத்தியவர்கள் பலர். எண்ணெய் விலை உயர்ந்த 1973-க்குப் பின் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. அத்தா சபுர் சென்றார். அவர் அங்கே நாற்பத்தைந்து பாகை வெயிலில் கட்டடம் கட்டியதையோ, பிறர் வீட்டு வண்டி ஓட்டியதையோ பிள்ளைகள் பார்க்கவில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை நறுமணத்தோடும் பெட்டிகளோடும் வந்திறங்கிய அத்தாவைத்தான் பார்த்தார்கள். இப்னு கல்தூன் சொன்ன இரண்டாம் தலைமுறைக்குத் தந்தையின் உழைப்பைக் கண்ணால் காணும் வாய்ப்பேனும் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. வேலையை மறைத்துப் பணத்தை மட்டும் காட்டி வளர்த்த பிள்ளைக்குப் பணத்தின் அருமை தெரியவில்லை என்றால், அக்குறையில் பாதி நம்முடையது.

தாவூத் நபி தம் கையுழைப்பால் உண்டார்கள், ஜக்கரிய்யா நபி தச்சு வேலை செய்தார்கள் என்று மேடைகளில் எடுத்துரைக்கப்படுவதை நாம் கேட்டு உருகுகிறோம். மறுநாள் பெண்ணுக்கு வரன் பேச வருகிறார்கள். மாப்பிள்ளை தச்சு வேலை செய்கிறார் என்றதும் வீட்டார் முகம் மாறுகிறது. கொத்தனார் என்றால் பேச்சே முறிகிறது. 'கம்பெனியில் இருக்கிறார்' என்றால், என்ன கம்பெனி, என்ன வேலை என்று கேட்காமலே தேநீர் வருகிறது. உழைப்பை நாம் மெய்யாகவே மதிக்கிறோமா என்பதற்கு உரைகல் சொற்பொழிவு மேடை அன்று, நிச்சயதார்த்தப் பேச்சே. இளைஞர் இரண்டையும் கேட்கிறார்கள். இரண்டில் எது நம் உண்மையான கருத்து என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துகொள்கிறார்கள்.

காத்திருக்கும் தலைமுறை

ஆகவே இளைஞர் காத்திருக்கின்றனர். 2022-இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவித்த நான்காம் தொகுதித் தேர்வில், தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட 7301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். இதைச் சோம்பல் என்பதா? விடியற்காலை எழுந்து நூலகத்தில் இடம்பிடித்து ஐந்தாண்டு படிக்கும் பிள்ளை உழைக்காமலில்லை. மழை பெய்தாலும் பொய்த்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம் என்னும் உறுதியை அப்பிள்ளை தேடுகிறது. வானத்தை நம்பித் தோற்ற மூன்று தலைமுறையின் பேரன் அரசாணையை நம்ப விரும்புவது இயல்பே. மானாவாரி உழவனும் நூற்றில் ஒரு பங்கு நம்பிக்கையோடு விதைத்தவன்தான். பேரன் விண்ணப்பத்தை விதைக்கிறான்.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நூறு நாள் வேலை வந்தபோதும், ஆள் கிடைக்கவில்லை, மக்கள் சோம்பேறிகளாகிவிட்டனர் என்ற குரல் எழுந்தது. கூர்ந்து கேட்டால் அது பெரும்பாலும் கூலிக்கு ஆள் வைத்தவர்களின் குரலாகவே இருந்தது. இப்படிப்பட்ட குரல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்ப்சன் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆலைகள் தோன்றிய காலத்து இங்கிலாந்தில் கைவினைஞர் திங்கட்கிழமைகளில் வேலைக்கு வராமலிருந்ததையும், முதலாளிகள் அதனை ஒழுக்கக்கேடு எனக் கடிந்ததையும் விளக்குகிறார். அதுவரை அத்தொழிலாளி வேலை முடியும் வரை உழைத்தான், முடிந்ததும் ஓய்ந்தான். ஆலையோ மணியோசைக்கு உழைக்கச் சொன்னது. கடிகாரத்துக்கு வணங்க உடம்புக்குத் தலைமுறைகள் பிடித்தன.

குமாரலிங்கபுரத்தில் நாளை எழப்போகும் ஆலைகளுக்கும் இவ்வினா காத்திருக்கிறது. மேகத்தைப் பார்த்து வேலை செய்த வட்டாரம் மணியைப் பார்த்து வேலை செய்யப்போகிறது. கரிசலில் விளைந்த பருத்தி, அருப்புக்கோட்டையில் நெய்த சேலை என்று பெயர்பெற்ற சீமையில் பஞ்சும் நூலும் புதியவை அல்ல. புதியது வேலை செய்பவரின் நிலை. தம் வீட்டுத் தறியில் அமர்ந்தவர் பகலில் ஓய்ந்து இரவில் நெய்யலாம். ஆலையில் அது இயலாது. அங்கே செல்லும் பிள்ளைகள் முறையான ஊதியமும் எட்டுமணி வரம்பும் தலைநிமிர்ந்து நிற்கும் உரிமையும் கேட்டால், அதனை உடம்பு வணங்காமை என்று ஊர்ப் பெரியவர்கள் பெயரிட்டுவிடக் கூடாது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற அழகிய பெயரில், திருமணச் செலவுக்குத் தொகை தருவதாகச் சொல்லி, இளம்பெண்கள் விடுதிகளில் அடைபட்டு உழைத்த கதையை நாடு அறியும். பணிவை உழைப்பென்று எண்ணிய பெற்றோரே அப்பெண்களை அங்கே கொண்டுபோய் விட்டனர்.

இளையோர்க்கும் ஒரு சொல்

இதுவரை சொன்னவற்றால் இளையோரிடம் குறையே இல்லை என்பது நம் கருத்தன்று. பணிதலை உதறியபோது வளைதலையும் சேர்த்து உதறிவிட்டார்கள் என்று முன்னரே சொன்னோம். அதன் இழப்பு சிறிதன்று. நெசவாளர் வீட்டுக் குழந்தை தார் சுற்றும்போதே நூலின் முறுக்கையும் சாயத்தின் தன்மையையும் விரல் நுனியில் அறிந்தது. எந்த மேகம் பெய்யும், எந்த ஈரத்தில் விதைக்கலாம், கண்மாயின் எந்த மடை முதலில் கசியும் என்பவை ஏட்டில் ஏறாத அறிவு. அவ்வறிவை உடைய கடைசித் தலைமுறை இன்று திண்ணையில் அமர்ந்திருக்கிறது. அதனிடம் கேட்க யாருக்கும் நேரமில்லை. செய்யும் வேலை எதுவாயினும் திருத்தமாகச் செய்தல், தொட்டதை முடித்தல், சொன்ன நாளில் கொடுத்தல் ஆகியவை எந்த முதலாளிக்கும் செய்யும் வணக்கங்கள் அல்ல. அவை செய்பவனின் மானத்தைச் சேர்ந்தவை. இளையோர் தம் தாத்தாவின் அடிமைத்தனத்தைத் துறக்கட்டும். அவர் கைத்திறனை ஏன் துறக்க வேண்டும்?

அழகிரியை மீண்டும் நினைப்போம். ஊர் அவரை மதிக்காதபோதும் அவர் தைத்த செருப்பின் தையல் பிசகவில்லை. ஊருக்கு அஞ்சியா அவர் அப்படித் தைத்தார்? தோலையும் ஊசியையும் அறிந்தவர் என்பதால் தைத்தார். அவ்வறிவில்தான் அவர் யாருக்கும் கீழ்ப்பட்டவராக இல்லை. பூமணி அதனை உரக்கச் சொல்லவில்லை என்பது அந்நாவலின் சிறப்பு. படிப்பவர் தாமே கண்டுகொள்ளும்படி விட்டிருக்கிறார்.

எழுதப்படாத நாவல்

இறுதியாக நம் எழுத்தாளரிடம் ஒரு முறையீடு. கரிசல் எழுத்து தந்தையரின் எழுத்தாகவே இதுகாறும் பெரிதும் இருந்துள்ளது. கி. ரா. உழவராக வாழ்ந்து எழுதினார். மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கிராமத்தில் சிறு கடை நடத்திக்கொண்டே எழுதி, 2007-இல் 'மின்சாரப் பூ'வுக்காகச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். அவர்கள் தாம் அறிந்த உழைப்பை எழுதினர். ஆதலின் அவ்வெழுத்தில் வியர்வை உண்மையாக இருக்கிறது. மகனோ பெரும்பாலும் நூலின் கடைசி அத்தியாயத்தில் பேருந்து ஏறிப்போகிறான். ஏறிப்போன பிறகு என்ன ஆனான் என்பதைச் சொல்லும் நாவல் போதிய அளவில் வரவில்லை. தேர்வு மையத்தின் வாயிலில் நிற்பவன், சபுரிலிருந்து வேலை இழந்து திரும்பியவன், ஆலை விடுதியிலிருந்து ஊருக்குப் பேசும் பெண், கரிமூட்டம் போட்டுக்கொண்டே பட்டயச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவன் ஆகியோர் தம் கதையைத் தாமே எழுத வேண்டும். அக்கதை வரும்வரை, மூத்தோர் சொல்லும் குற்றச்சாட்டு ஒன்றே ஆவணமாக நிற்கும். எதிர்வாதம் பதிவாகாத வழக்கில் தீர்ப்பு எப்படி நேராகும்?

நம் இல்லங்களிலும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அத்தா அமர்ந்து தம் பிள்ளையிடம் தாம் செய்த வேலையைச் சொல்லட்டும். சம்பளத்தை மட்டும் சொன்னால் போதாது. எத்தனை மணிக்கு எழுந்தோம், எதைத் தூக்கினோம், யாரிடம் என்ன சொல் கேட்டோம், எந்த வேலையைச் செய்து முடித்தபோது உள்ளம் நிறைந்தது என்பவற்றைச் சொல்லட்டும். பிள்ளையும் தான் எதற்கு அஞ்சுகிறோம், எதை மறுக்கிறோம் என்பதைச் சொல்லட்டும். குமாரலிங்கபுரத்துப் பெரியவரும் இளைஞரும் தேநீர் ஆறியபின் ஒரே வண்டியில் ஏறித்தான் ஊருக்குப் போனார்கள். இளைஞர் வண்டியை ஓட்ட, பெரியவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நமக்குக் கேட்கவில்லை. அதைத்தான் நாம் படிக்க விரும்புகிறோம்.